முட்டை கிழிகிறது, ஒட்டுகிறது, மேலே சளியாக நிற்கிறது: என்னதான் பிழை?

அறை எண் 4 | ஞாயிறு, காலை 8.12

வவுனியாவிலிருந்து வேலைக்காகக் கொழும்புக்கு வந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் மேல்மாடி அறை. வீட்டுக்கார அம்மா நல்லவர். ஆனால் காஸ் சிலிண்டர் என்ற பேச்சை எடுத்தாலே முகம் மாறிவிடும். 2021 கடைசியில் வீடுகளில் காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகளைப் பார்த்ததிலிருந்து அப்படியாம். ஆகவே ஒற்றைத் தட்டு மின்னடுப்பு, ஒரு தாச்சி, ஒரு தட்டகப்பை. இவ்வளவுதான் என் சமையலறை.

இன்று காலை ஆறு முட்டைகளில் நான்கு பாழ். முதலாவது தாச்சியோடு ஒட்டிக்கொண்டு, எடுக்கப் போனபோது நடுவில் கிழிந்தது. இரண்டாவதை உடைத்து ஊற்றும்போதே மஞ்சள் கரு சிதறியது. மூன்றாவதன் ஓரம் கருகிவிட்டது, ஆனால் மஞ்சள் கருவைச் சுற்றி மூக்குச்சளி போல வெண்கரு ஆடிக்கொண்டிருந்தது. (காலைச் சாப்பாட்டோடு இதை வாசிப்பவர்கள் மன்னிக்க வேண்டும்.) நான்காவதைக் கோபத்தில் கிளறி, உப்புப் போட்டு, பாணுக்குள் வைத்துத் தின்றேன்.

எனக்கு வேண்டியது புல்ஸ் ஐ. வெண்கரு முழுதாக வெந்திருக்க வேண்டும், மஞ்சள் கருவைப் பாணால் தொட்டால் வழிய வேண்டும். தாச்சி நொன்-ஸ்டிக், புறக்கோட்டை நடைபாதையில் வாங்கியது. தேங்காய் எண்ணெய்தான் விடுகிறேன். அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். பதில் சொல்லாமல் சிரிக்கிறார், பின்னால் தங்கையும் சிரிப்பது கேட்கிறது.

தட்டகப்பை | ஞாயிறு, காலை 8.31

நெருப்பைக் குறையுங்கள். எண்ணெயைக் கூட்டுங்கள். முடிந்தது.

அப்பத்தாச்சி | ஞாயிறு, காலை 9.05

தம்பி, "நெருப்பைக் குறை" என்பது காஸ் வைத்திருப்பவர்களின் பேச்சு. மின்னடுப்பில் குமிழைத் திருப்பினால் உடனே ஒன்றும் குறையாது. அந்த இரும்புத் தட்டு ஒருமுறை சூடேறினால் தணியச் சில நிமிடங்கள் எடுக்கும், அதற்குள் முட்டையின் கதை முடிந்துவிடும். கொட்டாஞ்சேனையில் நான் குடிவந்த புதிதில் பத்து வருடம் அப்படியோர் அடுப்போடுதான் மாரடித்தேன். அதில் சூட்டைக் குறைக்கும் குமிழ் உங்கள் கைதான். தாச்சியைத் தூக்கிப் பக்கத்தில் வையுங்கள், வேண்டும்போது திரும்ப ஏற்றுங்கள்.

இனி உங்கள் மூன்றாவது முட்டைக்கு வருவோம். அது உங்கள் பிழை மட்டும் இல்லை, முட்டையே அப்படித்தான் படைக்கப்பட்டிருக்கிறது. வெண்கரு 62 பாகை செல்சியஸ் அளவில் தடிக்கத் தொடங்கினாலும் அதிலுள்ள முக்கியப் புரதம் இறுகுவதற்கு 80 பாகை வேண்டும். மஞ்சள் கருவோ 65இல் தடிக்கத் தொடங்கி 70 அளவில் இறுகிவிடும். அதாவது நீங்கள் வேகவைக்க விரும்புவதற்கு அதிகச் சூடு வேண்டும், வேகாமல் வைத்திருக்க விரும்புவதற்குக் குறைந்த சூடே போதும். இரண்டும் ஒரே தாச்சியில், ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கின்றன. அடியிலிருந்து மட்டும் சூடு கொடுத்தால் மேலே வேகுமுன் அடி கருகும்.

தீர்வு புதிதல்ல. முட்டை அப்பம் சுடுபவரை ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். மாவை ஊற்றித் தாச்சியைச் சுழற்றுகிறார், நடுவில் முட்டையை உடைத்து விடுகிறார், மூடிவிடுகிறார். புரட்டுவதே இல்லை. கீழே தாச்சியின் சூடு, மேலே மூடிக்குள் அடைபட்ட ஆவி. நீங்களும் அதையே செய்யுங்கள். முட்டையை நேராகத் தாச்சிக்குள் உடைக்காதீர்கள். தேநீர்க் கோப்பை ஒன்றுக்குள் உடைத்து, தாச்சிக்குக் கிட்டப் பிடித்து வழுக்கி விடுங்கள், மஞ்சள் கரு சிதறாது. மிதமான சூடு, இரண்டு தேக்கரண்டி எண்ணெய். ஓரம் வெள்ளையானதும் ஒரு தேக்கரண்டி தண்ணீரை முட்டையின் மேல் அல்ல, தாச்சியின் ஓரத்தில் விட்டு மூடுங்கள். நாற்பது எண்ணும்வரை மூடியைத் திறக்காதீர்கள். பொறுக்க முடியாமல் திறந்து திறந்து பார்ப்பதுதான் ஆண்பிள்ளைகள் எல்லோரும் செய்வது.

சுடச்சுட | ஞாயிறு, காலை 9.48

ஆவியில் வேகவைத்ததைப் பொரித்தது என்று சொல்ல எனக்கு நா வரவில்லை. மூடி போட்டால் மஞ்சள் கருவின் மேல் வெண்கருப் படலம் வெந்து வெள்ளையாகப் பரவிவிடும். முக்காடு போட்ட முட்டை அது. அந்தப் பளபளப்பான மஞ்சளைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவதற்குத்தானே புல்ஸ் ஐ?

பொரிப்பதென்றால் பொரிக்க வேண்டும். மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு நன்றாகக் காய விடுங்கள். முட்டையை விட்டதும் அது சடசடத்துப் பொங்கும், ஓரத்தில் சரிகைபோலப் பின்னல் விழும். தாச்சியைச் சற்றுச் சரித்து, கரண்டியால் சுடு எண்ணெயை அள்ளி வெண்கருவின் மேல் மட்டும் ஊற்றுங்கள். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஓரம் முறுகல், நடு இளகல். ஸ்பானியர்கள் இப்படித்தான் செய்கிறார்கள்.

எடின்பரோவில் படிக்கும் மகளைப் பார்க்கப் போனபோது அங்குள்ள தேசிய ஓவியக்கூடத்தில் ஒரு படத்தின் முன்னால் அரைமணி நேரம் நின்றேன். ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் 1618இல் வரைந்தது, அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. ஒரு கிழவி மண்சட்டியில் முட்டை பொரிக்கிறாள். ஒரு கையில் மரக்கரண்டி, மற்றக் கையில் அடுத்த முட்டை. சட்டிக்குள் வெண்கரு கண்ணாடித் தன்மை போய் வெள்ளையாக மாறுகிற அந்த ஒரு நொடியைப் பிடித்து வைத்திருக்கிறார். மகள் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நகர்ந்தேன். அந்தக் கிழவியின் பக்கத்தில் மூடி எதையும் நான் காணவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

அப்பத்தாச்சி | ஞாயிறு, காலை 9.57

மூன்று மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயா! நீங்கள் முட்டை பொரிக்கிறீர்களா, விளக்கு ஏற்றுகிறீர்களா? இன்றைக்குத் தேங்காய் விற்கிற விலையில் அந்தக் கிழவியும் மூடிதான் தேடுவாள்.

சுடச்சுட | ஞாயிறு, காலை 10.02

மிஞ்சிய எண்ணெயை வடித்து மத்தியானம் கறிக்குத் தாளிக்கலாம், அக்கா. நான் ஒன்றும் கடலில் கொட்டச் சொல்லவில்லை.

மயிலைக்காரன் | ஞாயிறு, காலை 10.40

சென்னையிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. இந்த இழையை முட்டைப் பொரியல் பற்றியது என்று நினைத்துத் திறந்தேன். எங்கள் ஊரில் முட்டைப் பொரியல் என்றால் வெங்காயத்தோடு உதிரியாகக் கிளறியது. இங்கே ஒரு கடையில் அதைக் கேட்டேன், தட்டையாக, வட்டமாக, பச்சைமிளகாய் போட்ட ஆம்லெட் வந்தது. மாற்றித் தந்துவிட்டீர்கள் என்றேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

தட்டகப்பை | ஞாயிறு, காலை 10.46

நீங்கள் இந்தப் புல்ஸ் ஐயை "ஆஃப் பாயில்" என்கிறீர்கள். அதில் அவிப்பது எங்கே இருக்கிறது? எண்ணெயில் கிடப்பதற்குப் பாதி அவித்தது என்று பெயர். முதலில் அதற்கு விளக்கம் சொல்லுங்கள், பிறகு எங்கள் பொரியலுக்கு வரலாம்.

மயிலைக்காரன் | ஞாயிறு, காலை 10.51

சரணடைகிறேன். ஆனால் முட்டையை அடித்து ஊற்றி அரைவேக்காட்டில் மடித்தெடுக்கும் "கலக்கி" என்ற ஒன்று எங்களிடம் இருக்கிறது, அதற்கு உங்களிடம் ஈடு கிடையாது.

தெஹிவளைக் கடை | ஞாயிறு, பிற்பகல் 1.20

முட்டை விற்பவன் என்ற முறையில் ஒரு சொல். எல்லோரும் தாச்சியையும் எண்ணெயையும் பேசுகிறீர்கள், முட்டையின் வயதை ஒருவரும் கேட்கவில்லை.

புது முட்டையை உடைத்தால் மஞ்சள் கரு குன்றுபோல எழும்பி நிற்கும், வெண்கரு அதைச் சுற்றித் தடிப்பாக ஒட்டியிருக்கும். நாளாக ஆக ஓட்டிலுள்ள நுண்துளைகளின் வழியாகக் கரியமில வாயு வெளியேறும், வெண்கருவின் காரத்தன்மை கூடும், தடித்த பகுதி நீர்த்துவிடும். அப்படிப்பட்ட முட்டை தாச்சி முழுவதும் ஓடும். ஓடியது மெல்லிதாக இருப்பதால் முதலில் கருகும். மஞ்சள் கருவின் தோலும் தளர்ந்திருக்கும், தொட்டால் உடையும். கொழும்பு வெக்கையில் இதெல்லாம் வேகமாக நடக்கும். குளிரில் வாரக்கணக்கில் நடப்பது இங்கே கடை முகப்பில் நாள்கணக்கில் நடந்துவிடும். இதைச் சொல்வது என் வியாபாரத்துக்கு நல்லதல்ல, ஆனாலும் சொல்கிறேன்.

ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து முட்டையை விட்டுப் பாருங்கள். அடியில் படுத்துக் கிடந்தால் புதிது. அடியிலேயே ஆனால் நட்டுக்கொண்டு நின்றால் சில நாள் ஆனது, ஓம்லெட்டுக்கு நல்லது, அவித்தால் கோதும் சுலபமாகக் கழன்றுவரும். மிதந்தால் எனக்குத் திருப்பித் தாருங்கள், சண்டை பிடிக்காமல் மாற்றித் தருவேன். மற்றக் கடைக்காரர்களைப் பற்றி உத்தரவாதம் இல்லை.

பழைய முட்டைதான் கையிலிருக்கிறது என்றால் தேநீர் வடிக்குள் உடைத்து ஒரு தரம் மெல்ல அசையுங்கள். நீர்த்த வெண்கரு ஒழுகிவிடும், தடித்தது மட்டும் நிற்கும். அதைப் பொரித்துப் பாருங்கள், வட்டமாக வரும். வடியை உடனே கழுவ வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் பேச்சு வாங்குவீர்கள்.

வெள்ளையா சிவப்பா என்று கேட்டு ஒரு மணி நேரம் நிற்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, சத்தைப் பொறுத்ததல்ல. 2023இல் உள்ளூர் முட்டை போதாமல் இந்தியாவிலிருந்து கப்பலில் இறக்கினார்களே, அது முதலில் பேக்கரிகளுக்குத்தான் போனது. அப்போது நிறம் பார்த்து எடுத்தவர் எவரையும் நான் காணவில்லை. கிடைத்ததே போதும் என்றிருந்தது.

அறை எண் 4 | திங்கள், இரவு 8.35

எல்லோருக்கும் நன்றி. நேற்று மீதியிருந்த இரண்டு முட்டைகளும் இன்று வாங்கிய நான்கும் என்று ஆறு முயற்சிகள். வயிறு பற்றிக் கேட்காதீர்கள்.

தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். பழையவை இரண்டும் எழுந்து நின்றன. புதியவை படுத்துக்கொண்டன. கோப்பைக்குள் உடைத்து விட்டதில் ஒரு மஞ்சள் கருகூடச் சிதறவில்லை. அப்பத்தாச்சி அக்காவின் முறையில் மூடியும் போட்டேன் (மூடி இல்லை, சோற்றுப் பீங்கானைக் கவிழ்த்தேன்). மேலே சளி போய்விட்டது. பாதி வெற்றி.

ஆனால் ஓரம் இன்னமும் கருகுகிறது, நடு இன்னமும் ஒட்டுகிறது. விநோதமான ஒன்றையும் கவனித்தேன். எவ்வளவு எண்ணெய் விட்டாலும் நடுவில் நிற்பதில்லை. வட்டமாக ஓடி ஓரத்தில் அகழிபோல நிற்கிறது, நடு காய்ந்த தீவாகக் கிடக்கிறது. சுடச்சுட ஐயாவின் முறையையும் முயன்றேன். எண்ணெய் ஓரத்தில் புகைந்தது, முட்டை நடுவில் நின்று வேடிக்கை பார்த்தது. ஒரு துளி தெறித்து மணிக்கட்டில் சுட்டதுதான் மிச்சம்.

நட்டும் போல்ட்டும் | திங்கள், இரவு 9.10

அந்த எண்ணெய் விஷயத்தை முதலிலேயே சொல்லியிருந்தால் ஆறு முட்டைகள் பிழைத்திருக்கும்.

நான் ஓய்வுபெற்ற இயந்திரப் பொறியியலாளன், சமையல்காரன் அல்லன். இரண்டு காரியம் செய்யுங்கள். தாச்சி நன்றாக ஆறிய பின் அதைக் கவிழ்த்து, அடிப்புறத்தின் குறுக்கே ஓர் அடிமட்டத்தை நிமிர்த்தி வையுங்கள். விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அடிமட்டத்துக்கும் தாச்சிக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா? இரண்டாவது ஒரு கேள்வி, உண்மையைச் சொல்ல வேண்டும்: பொரித்து முடிந்ததும் தாச்சியைச் சுடச்சுடத் தண்ணீர்க் குழாயின் கீழ் பிடிப்பது உங்கள் வழக்கமா?

அறை எண் 4 | திங்கள், இரவு 9.26

அடிமட்டத்தின் கீழே வெளிச்சம் தெரிகிறது. நடுவில் ஒரு ரூபாய்க் குற்றி நுழையும் போலிருக்கிறது.

ஆம், குழாயின் கீழ்தான் பிடிப்பேன். "ஸ்ஸ்" என்று சத்தம் வரும், ஒட்டியதெல்லாம் தானாகக் கழன்றுவிடும். அது எனக்குப் பிடித்த கட்டம்.

நட்டும் போல்ட்டும் | திங்கள், இரவு 9.58

தாச்சியைக் கொன்ற கட்டமும் அதுதான்.

மெல்லிய அலுமினியம் சூட்டில் விரிந்திருக்கிறது. அதன் மேல் குளிர்ந்த தண்ணீர் விழுந்தால் ஒரு பகுதி சட்டென்று சுருங்கும், மற்றப் பகுதி இன்னும் விரிந்தே இருக்கும். இந்த இழுபறியில் உலோகம் நெளிந்துவிடும், பிறகு பழைய நிலைக்கு வராது. உங்கள் தாச்சி உள்பக்கமாக மேடு தட்டியிருக்கிறது. எண்ணெய் மேட்டில் நிற்குமா? பள்ளத்துக்குத்தான் ஓடும்.

காஸ் அடுப்பாக இருந்திருந்தால் இவ்வளவு தெரிந்திராது, சுவாலை நெளிவுக்குள்ளும் போய்த் தொடும். மின்னடுப்பின் தட்டு சமதளம். தாச்சி தொடும் இடத்தில் மட்டுந்தான் அது சூட்டைக் கொடுக்கும். உங்கள் தாச்சியின் விளிம்பு தட்டில் உட்கார்ந்திருக்கிறது, நடு காற்றில் தொங்குகிறது. ஓரம் கருகி நடு வேகாமல் நிற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஒட்டுவதும் இதனால்தான். எண்ணெயில்லாத, சூடு போதாத இடத்தில் வெண்கரு விழுந்தால் அது உலோகத்தின் நுண்ணிய பள்ளங்களுக்குள் இறங்கி, அங்கேயே இறுகிப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் காய்ந்திருந்தால் வெண்கருவின் அடி விழுந்த கணமே இறுகி, எழும் நீராவி அதைச் சற்றுத் தூக்கிவிடும்.

தட்டகப்பை இரும்பா மரமா?

அறை எண் 4 | திங்கள், இரவு 10.03

இரும்பு. நீங்கள் அடுத்துக் கேட்கப்போவதும் தெரிகிறது. ஆம், சுரண்டினேன். தாச்சியில் வெள்ளைக் கோடுகள் இருக்கின்றன.

நட்டும் போல்ட்டும் | திங்கள், இரவு 10.05

நல்லடக்கம் செய்துவிடுங்கள்.

லவ்பேர்ட்ஸ் வீடு | செவ்வாய், காலை 6.15

தாச்சி பற்றிய பேச்சு வந்ததால் எழுதுகிறேன். கறுப்புப் பூச்சுள்ள தாச்சியை எண்ணெயில்லாமல் அடுப்பில் வைத்துவிட்டு முட்டை எடுக்கப் போகாதீர்கள். அந்தப் பூச்சு, டெஃப்ளான் என்று பொதுவாகச் சொல்வது, 260 பாகைக்கு மேல் போனால் சிதையத் தொடங்கி வாயுக்களை விடும். வெறும் தாச்சி பெரிய சூட்டில் சில நிமிடங்களிலேயே அந்த அளவைத் தொட்டுவிடும். எங்களுக்குத் தலையிடியோடு போகலாம், கூட்டிலிருக்கும் பறவைகள் செத்தே போகும். அவற்றின் நுரையீரல் அவ்வளவு மென்மையானது. தொடர்மாடி வீடுகளில் சமையலறைக்கு அடுத்தாற்போலக் கூடு தொங்கவிட்டிருப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள், அதனால்தான் சொன்னேன். அளவான சூட்டில் சமைத்தால் பயமில்லை.

சுடச்சுட | செவ்வாய், காலை 7.40

இதற்குத்தான் நான் இரும்புத் தாச்சி என்கிறேன். தம்பி, புறக்கோட்டையில் பாத்திரக் கடைகள் நிறைந்த தெருவுக்குள் இறங்கி, அடி தட்டையான, கனத்த சிறிய இரும்புத் தாச்சி ஒன்று வாங்குங்கள். நன்றாகக் கழுவித் துடைத்து, துணியால் எண்ணெயை மெல்லிதாகப் பூசி, புகை வரும்வரை சூடாக்கி ஆற விடுங்கள். நான்கைந்து தரம் இப்படிச் செய்தால் எண்ணெய் இறுகிக் கறுப்புத் தோலாகப் படிந்துவிடும். அதன்மேல் முட்டை வழுக்கிக்கொண்டு ஓடும். பேரப்பிள்ளைகள் காலம்வரை பாவிக்கலாம்.

அறை எண் 4 | செவ்வாய், காலை 7.52

ஐயா, மேல்மாடி அறையில் நான்கைந்து தரம் புகை எழுப்பினால் வீட்டுக்கார அம்மா என்னைப் பேரப்பிள்ளைகள் காலம்வரை மறக்க மாட்டார்.

அப்பத்தாச்சி | செவ்வாய், காலை 8.20

இருபது சென்ரிமீற்றர் அகலத்தில் அடி தடித்த நொன்-ஸ்டிக் ஒன்று எடுங்கள், கண்ணாடி மூடியோடு. கடையிலேயே அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. ஒரு மரத் தட்டகப்பை. ஆறிய பிறகு கழுவுங்கள். இவ்வளவுதான்.

தேங்காய் எண்ணெயை மாற்ற வேண்டாம். நான் பிறந்து வளர்ந்தது நுவரெலியாவில். அங்கே விடியற்காலையில் எண்ணெய்ப் போத்தல் வெள்ளைக் கல்லாக உறைந்து கிடக்கும், அடுப்பு ஓரத்தில் வைத்து இளக்கித்தான் அம்மா முட்டை பொரிப்பார். தேங்காய் எண்ணெய் 24 பாகை அளவில் உருகும். கொழும்புக்கு வந்த முதல் நாள் போத்தல் தண்ணீர்போல ஆடுவதைப் பார்த்துக் கலப்படம் என்று நினைத்துக் கடைக்காரரோடு வாக்குவாதப்பட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மயிலைக்காரன் | செவ்வாய், காலை 9.15

வெண்ணெயில் பொரிக்கலாமா?

அப்பத்தாச்சி | செவ்வாய், காலை 9.31

தாராளமாக. பட்டரில் ஆறிலொரு பங்கு அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது, அது போகும்வரை நுரைக்கும். நுரை அடங்கும் தறுவாயில் முட்டையை விடுங்கள். அதற்கு மேல் விட்டால் பாலின் கசடு கருகிக் கசக்கும். சுடச்சுடவின் சரிகை வேலையை பட்டரில் செய்யப் பார்க்க வேண்டாம்.

வார்ட் இல. 7 | செவ்வாய், பிற்பகல் 2.05

நான் தாதி. மஞ்சள் கரு வழிய வேண்டும் என்று எல்லோரும் ஆசையாக எழுதுகிறீர்கள். சுகதேகிகளுக்குப் பெரிய பிரச்சினையில்லை. ஆனால் கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கு மஞ்சள் கரு இறுகும்வரை பொரித்துக் கொடுங்கள். சல்மொனெல்லா கிருமி ஓட்டின் வெளியே மட்டுமல்ல, சில வேளைகளில் உள்ளேயும் இருக்கும். வெடித்த முட்டையை மலிவு என்று வாங்க வேண்டாம். முட்டை தொட்ட கையைக் கழுவிவிட்டுப் பாணைத் தொடுங்கள். உடைத்தபோது சிறு இரத்தப் புள்ளி தெரிந்தால் பயந்து வீசாதீர்கள், அதனால் தீங்கில்லை.

அறை எண் 4 | ஞாயிறு, காலை 7.55

தாச்சி வாங்கிவிட்டேன். கடைக்குள் அடிமட்டத்தை எடுத்ததும் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் தனக்கும் ஒன்றைப் பார்த்துத் தரச் சொன்னார். அவருக்கு ஐந்து தாச்சிகளைப் புரட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் எனக்கு வாங்கினேன்.

இன்று காலை நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். அடுப்புக் குமிழ் நடு அளவில். தாச்சியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டேன். ஓடவில்லை, நடுவில் நாணயம்போல நின்று மெல்ல அகன்றது. அதைப் பார்த்ததும் பாதிப் பசி தீர்ந்தது. கோப்பையிலிருந்து முட்டையை வழுக்கி விட்டேன். சடசடப்பு இல்லை, ஒரு முணுமுணுப்பு மட்டும். ஓரத்திலிருந்து உள்நோக்கி வெள்ளை நகர்ந்து வந்தது, தரையில் கொட்டிய பால் பரவுவதைத் திருப்பிப் போட்டதுபோல. மஞ்சள் கருவைச் சுற்றி ஒரு விரல் அகலம் கண்ணாடியாக நின்றபோது ஓரத்தில் தண்ணீரை விட்டு மூடினேன்.

கண்ணாடி மூடி என்பதால் திறக்கத் தேவையிருக்கவில்லை. இருபத்தைந்து எண்ணும்போது கரையோர ரயில் வந்தது. எங்கள் வீடு தண்டவாளத்துக்குக் கிட்ட, ரயில் போனால் யன்னல் கண்ணாடிகள் அதிரும். மஞ்சள் கருவும் அதிர்ந்தது. ரயில் கடக்கும்வரை நடுங்கிக்கொண்டே இருந்தது, உடையவில்லை. நாற்பதில் தாச்சியை அடுப்பிலிருந்து தூக்கினேன், மூடியை எடுத்தேன். தாச்சியைச் சரித்ததும் தட்டகப்பையின் உதவி இல்லாமல் தானாகவே வழுக்கிப் பீங்கானுக்குள் இறங்கியது. உப்பு, மிளகுத்தூள், இரண்டு துண்டுப் பாண், நேற்றைய கட்டைச் சம்பல்.

சுடச்சுட ஐயா, நீங்கள் சொன்ன முக்காடு விழுந்தது உண்மைதான். மெல்லிய முக்காடு. பாணால் விலக்கினேன்.

சுடச்சுட | ஞாயிறு, காலை 8.10

வாழ்த்துகள். காஸ் உள்ள வீட்டுக்கு மாறும் நாளில் சொல்லுங்கள், சரிகை பின்னக் கற்றுத் தருகிறேன்.

தெஹிவளைக் கடை | ஞாயிறு, காலை 8.22

ஒரு வாரத்தில் எத்தனை முட்டை வாங்கினீர்கள் என்று கணக்கிருக்கிறதா? வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளை பக்கம்தான்.

அறை எண் 4 | ஞாயிறு, காலை 8.47

பதினெட்டு. கணக்குப் பிரிவில் வேலை செய்பவனிடம் கேட்கிறீர்கள்.

ஓர் அவசரக் கேள்வி. வாசனை பிடித்து வீட்டுக்கார அம்மா மேலே வந்துவிட்டார். தாச்சியைப் பார்த்தார், பிடியைத் திருப்பிப் பார்த்தார், பிறகு தனக்கும் ஒன்று பொரித்துத் தரச் சொல்லிவிட்டு என் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். வயது எழுபத்தொன்று. மஞ்சள் கரு நன்றாக இறுகியிருக்க வேண்டுமாம், ஆனால் கிழியவும் கூடாதாம். நான் இதுவரை முட்டையைப் புரட்டியதே இல்லை. எப்படிப் புரட்டுவது?

அப்பத்தாச்சி | ஞாயிறு, காலை 8.49

புரட்ட வேண்டாம். தண்ணீரை இன்னும் ஒரு தேக்கரண்டி கூட்டி மூடுங்கள், மூன்று நிமிடம். அதுவரை அவரோடு பேசிக்கொண்டிருங்கள். காஸ் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.